தலைகீழாக வரையக் கற்றுக்கொண்ட மனிதர்



கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் எழுதும் முதல் பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

என் தங்கையின் பேத்தி சென்னையில் கட்டடக் கலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், தான் கட்டுரை எழுத வேண்டிய ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞரைப் பற்றிச் சொன்னாள். அவர் பெயர் பால் ரெவியர் வில்லியம்ஸ். 32 வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் அவள் வாசிக்க வாசிக்கக் கேட்டேன். பிறகு நானே தேடிப் படித்தேன். அதில் ஓர் இடம் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வில்லியம்ஸ் 1894 பிப்ரவரி 18 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். பெற்றோர் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரிலிருந்து பிழைப்பும் நல்ல காற்றும் தேடி மேற்கே வந்தவர்கள். இருவருக்கும் காசநோய். பையனுக்கு இரண்டு வயதானபோது அப்பா போனார். நான்கு வயதில் அம்மாவும் போனார். அண்ணன் ஒரு வீட்டுக்கும் தம்பி ஒரு வீட்டுக்குமாக வளர்ப்புக்குப் போனார்கள். தம்பியை எடுத்து வளர்த்த எமிலி கிளார்க்சன் என்ற அம்மாள்தான் அவரைப் படிக்க வைத்தார். ஆரம்பப் பள்ளியில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பிள்ளை.

பையனுக்குப் படம் வரையக் கைவந்தது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, கட்டடக் கலைஞராக வேண்டும் என்று தன் ஆசிரியரிடம் போய்ச் சொன்னார். ஆசிரியர் வியந்துபோய்ப் பார்த்தாராம். ஒரு கறுப்பினத்தவர் கட்டடக் கலைஞராக இருந்து யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டாராம். வெள்ளைக்காரர்கள் உன்னிடம் வேலை தர மாட்டார்கள், உன் மக்களிடம் வீடு கட்டப் பணம் இல்லை, வேறு ஏதாவது படி என்று புத்தி சொன்னாராம்.

அந்த ஆசிரியரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அவருடைய கணக்கு தப்பில்லை பாருங்கள். அப்போது அந்த நகரத்தில் இருந்த கறுப்பின மக்கள் சில ஆயிரம் பேர்தான். கட்டடக் கலைஞரை அமர்த்தி வீடு கட்டும் வசதி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர் பக்கத்தில் உட்காரவே தயங்கிய காலம் அது. பையன் ஏமாந்து போகக் கூடாது என்ற அக்கறையில்கூட அவர் சொல்லியிருக்கலாம். ஊர் நிலவரம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. எதிரில் நின்ற பையனைத்தான் அவருக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில், 1937-இல், 'அமெரிக்கன் மேகசின்' என்ற பத்திரிகையில் வில்லியம்ஸ் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'நான் ஒரு நீக்ரோ' என்பது தலைப்பு. அன்று வழக்கில் இருந்த சொல் அது. நான் கறுப்பினத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக இப்போதே பின்வாங்கினால், தோற்றுப்போவதே எனக்குப் பழக்கமாகிவிடும் என்று அன்று நினைத்தேன் என்ற பொருளில் அதில் சொல்கிறார். மாணவர்களே, இந்தக் கருத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். தோல்வி ஒரு நாள் நிகழ்ச்சி. பின்வாங்குவது பழக்கம்.

அவர் எப்படிக் கற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே பட்டம் என்று நேர்க்கோட்டில் போன படிப்பு இல்லை அது. ஓவியப் பள்ளியில் படித்தார். கட்டட வடிவமைப்புப் பயிலரங்கில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். தோட்டங்களும் நிலமும் திட்டமிடுபவரிடம் ஒரு காலம், பெரிய மாளிகைகள் கட்டுபவரிடம் ஒரு காலம், பெரிய பொதுக் கட்டடங்கள் கட்டும் அலுவலகத்தில் ஒரு காலம் என்று வேலை செய்தார். வீடு, தோட்டம், அரங்கம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றைக் கற்றார். 20 வயதில் பாசடீனா நகரத்துக்கான ஒரு வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். 1921-இல் உரிமம் கிடைத்தது. அடுத்த வருடம் சொந்த அலுவலகம் திறந்தார். 1923-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தில் உறுப்பினரானார். அந்தக் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் அவர்தான்.

முதல் பெரிய வேலை யார் கொடுத்தது தெரியுமா? பள்ளியில் அவரோடு படித்த லூயிஸ் காஸ் என்ற வெள்ளைக்காரத் தோழர். ஃபிளின்ட்ரிட்ஜ் என்ற பகுதியில் 90,000 டாலரில் ஒரு வீடு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வாத்தியார் போட்ட கணக்கில் வகுப்புத் தோழன் என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது!

இனித்தான் தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய பெயரைக் கேள்விப்பட்டு வருபவர்களில் பலருக்கு அவர் கறுப்பினத்தவர் என்று தெரியாது. அறைக்குள் வந்து பார்த்ததும் முகம் மாறும். எப்படி நழுவுவது என்று யோசிப்பார்கள். இது அவருக்குப் பழகிப்போனது. வீட்டுக்கு எவ்வளவு செலவழிக்க எண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்பார். அவர்கள் தொகையைச் சொன்னதும், அவ்வளவு சிறிய வேலையை இப்போது எடுப்பதில்லை, மன்னியுங்கள் என்பார். வந்தவர்களுக்கு நிம்மதி. நழுவ வழி கிடைத்துவிட்டதே! வந்ததற்கு இரண்டு யோசனை மட்டும் சொல்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்று பென்சிலை எடுப்பார். அதற்குப் பிறகு அவர்கள் எழுந்து போவதில்லை.

அந்தப் பென்சிலில் என்ன மாயம்? மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நேராகத் தெரியும்படி, தான் தலைகீழாக வரைவார். கூரை அவர் பக்கம் கீழே இருக்கும், வாசல் மேலே இருக்கும். எதிரில் இருப்பவர் கண்ணுக்கோ ஒரு வீடு அஸ்திவாரத்திலிருந்து எழும்பிக்கொண்டே வரும். ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கலாமா என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். மணிக்கணக்கில் பழகிப் பழகி இந்தக் கலையைக் கற்றார்.

எதற்காக? வெள்ளைக்காரர்கள் தன் பக்கத்தில் வந்து, தோளுக்குத் தோள் உட்கார்ந்து படத்தைப் பார்க்கத் தயங்குவார்கள் என்பதற்காக.

இதை நீங்களும் செய்து பாருங்கள். எதிரில் ஒருவரை உட்கார வைத்து, அவருக்கு நேராகத் தெரியும்படி 'அ' என்ற ஓர் எழுத்தை எழுதுங்கள். நேற்றுச் சாயங்காலம் நான் முயன்றேன். 32 வருடம் கரும்பலகையில் எழுதிய கை இது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் வந்தது.

இன்னொன்றும் படித்தேன். கட்டுமான இடத்தில் நடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாராம். கை குலுக்க விரும்பாதவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. அவர்களாகக் கை நீட்டினால் குலுக்குவார்.

இந்த இடத்தை நான் பெருமையாகச் சொன்னபோது என் பேத்தி என்னை நிறுத்தினாள்.

"தாத்தா, இதுல பெருமைப்பட என்ன இருக்கு? நாற்காலியை ஒரு அடி நகர்த்திப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நகர வேண்டியவங்க நகரல. அதுக்காக இவர் ஒரு வித்தையே கத்துக்க வேண்டியதாப் போச்சு. இது அவரோட திறமையா, அந்த ஊரோட அசிங்கமா?"

பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் இத்தனை வருடமும் இப்படிப்பட்ட கதைகளில் திறமையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அசிங்கத்தைச் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். கார் உற்பத்தி செய்த ஈ. எல். கார்ட் என்ற பெரும் பணக்காரர் பெவர்லி ஹில்ஸில் ஒரு மாளிகை கட்ட விரும்பினார். முதல் வரைபடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். மற்றவர்கள் வாரக்கணக்கில் அவகாசம் கேட்டிருந்தார்கள். வில்லியம்ஸ் நாளை மாலை நான்கு மணிக்கு என்றார். சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் 22 மணி நேரம் உட்கார்ந்து வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். வேலை அவருக்கே கிடைத்தது. அதன் பிறகு திரை நட்சத்திரங்கள் வரிசையில் வந்தார்கள். ஃபிராங்க் சினாட்ரா, லூசில் பால் போன்றவர்களுக்கு அவர் வீடு வடிவமைத்தார். 1940களில் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலுக்கு ஒரு புதிய பகுதியைச் சேர்த்துக் கட்டினார். ஐம்பது வருடத்தில் சுமார் 3,000 கட்டடங்கள். அதில் 2,000 அளவுக்கு வீடுகள்.

ஆனால் அந்த வீடுகள் இருந்த தெருக்களில் அவர் குடியிருக்க முடியாது.

அன்றைய லாஸ் ஏஞ்சலஸில் பல பகுதிகளின் நிலப் பத்திரங்களிலேயே ஒரு நிபந்தனை எழுதியிருக்கும். வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த இடத்தை விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்று. பகலெல்லாம் பணக்காரர்களின் மாளிகைகளுக்குக் கோடு போட்டுவிட்டு, சாயங்காலம் ஊரின் மட்டமான பகுதியில் இருந்த தன் சிறிய வீட்டுக்குத் திரும்பியதை அவரே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். 1948-இல்தான் அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிலைநாட்டக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 1950களின் தொடக்கத்தில், வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு, லஃபாயெட் ஸ்கொயர் என்ற பகுதியில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். அடுத்தவர்களுக்கு முப்பது வருடம் கட்டிய பிறகு.

நம் ஊரில் பத்திரத்தில் எழுதுவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க எந்தப் பக்கம்? என்ன ஆளுங்க?" என்று வாயால் கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பணக்காரர்களுக்கு மட்டுமே அவர் வரைந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 1926-இல் லாஸ் ஏஞ்சலஸின் 28-ஆம் தெருவில் கறுப்பின இளைஞர்களுக்காக ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டினார். தங்கும் அறைகள், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எல்லாம் அதில் உண்டு. முகப்பில் ஃபிரெட்ரிக் டக்ளஸ், புக்கர் டி. வாஷிங்டன் ஆகிய இருவரின் முகங்களையும் புடைப்புச் சிற்பமாக வைத்தார். வாசலில் நுழையும் பையன் தலை நிமிர்ந்து பார்த்தால் தன் இனத்துப் பெரியவர்கள் தெரிய வேண்டும். வாஷிங்டன் நகரில் லாங்ஸ்டன் டெரஸ், லாஸ் ஏஞ்சலஸில் புவேப்லோ டெல் ரியோ என்ற அரசுக் குடியிருப்புகளின் வடிவமைப்பில் மற்றவர்களோடு பங்கேற்றார். கறுப்பின மக்களே நடத்திய 'கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல்' காப்பீட்டு நிறுவனத்துக்கு 1949-இல் தலைமை அலுவலகம் கட்டிக் கொடுத்தார். சாதாரணக் குடும்பங்கள் கட்டக்கூடிய சிறிய வீடுகளைப் பற்றி 1945-லும் 1946-லும் இரண்டு புத்தகங்கள் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது மெம்ஃபிஸ் நகரத்துக் கட்டடம்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் விட்டுவந்த அதே மெம்ஃபிஸ். டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், பிள்ளைகளின் கொடிய நோய்களுக்காக அங்கே ஒரு மருத்துவமனை தொடங்க முனைந்தார். செயின்ட் ஜூட் ஆராய்ச்சி மருத்துவமனை. அங்கே சிகிச்சை பெறும் குழந்தையின் குடும்பத்துக்கு இன்றைக்கும் பில் கிடையாது. அதன் முதல் கட்டடத்தை நட்சத்திர வடிவில் வரைந்து கொடுத்தவர் வில்லியம்ஸ். ஒரு காசு வாங்கவில்லை. 1962-இல் திறந்தார்கள். கறுப்பு வெள்ளை என்று ஊரே பிரிந்து கிடந்த காலத்தில், எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை அது. நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளை, அவர்களுடைய ஊரில் நோயாளிக் குழந்தைகளுக்கு இடம் செய்து கொடுத்துவிட்டார்.

1957-இல் கட்டடக் கலைஞர்கள் கழகம் அவருக்கு 'ஃபெலோ' என்ற உயர்ந்த தகுதியைக் கொடுத்தது. கறுப்பினத்தவரில் அதையும் முதலில் பெற்றவர் அவரே. 1973-இல் ஓய்வு பெற்று, 1980 ஜனவரி 23 அன்று 85 வயதில் காலமானார். இறுதிச் சடங்கு அவர் வடிவமைத்த தேவாலயத்தில் நடந்தது. கழகத்தின் மிக உயர்ந்த தங்கப் பதக்கம் 2017-இல் வழங்கப்பட்டது. அதாவது, அவர் இறந்து 37 வருடம் கழித்து! 1992 கலவரத்தில் ஒரு வங்கி எரிந்தபோது அவருடைய அலுவலக ஆவணங்கள் சாம்பலாயின. வரைபடங்களும் அதோடு போயின என்றே பலர் நம்பினார்கள். ஆனால் அவை வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்தன. அவருடைய பேத்தி கேரன் ஹட்சன் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். சுமார் 35,000 வரைபடங்களை 2020-இல் கெட்டி நிறுவனமும், அவர் படித்த அதே தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பெற்றுக்கொண்டன.

இப்போது என் நெஞ்சில் தைத்த முள்ளைச் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு முன் என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அவன் வகுப்புத் தோழர்கள் சிலரும் இதைப் படிக்கிறீர்கள், ஊகித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் வீடு வரைந்து வைத்திருப்பான். முகப்பை மட்டும் வரையவில்லை. உள்ளே சுவர் எங்கே, கதவு எங்கே, படி எங்கே என்று மேலிருந்து பார்த்தது போல் போட்டிருப்பான். ஒரு நாள், "சார், பிளான் போடுறவரு ஆகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டான்.

நான் திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். "அதுக்கெல்லாம் ரொம்ப செலவாகும்ப்பா. பெரிய இடத்துப் பிள்ளைங்க படிக்கிற படிப்பு. உனக்கு எதுக்கு? பத்தாவது முடிச்சிட்டு ஐ.டி.ஐ. சேரு, கைத்தொழில் இருந்தா சோத்துக்குப் பஞ்சமில்ல."

அவனுடைய வீட்டு வருமானம்தான் என் கணக்கில் இருந்தது என்று இதுவரை சொல்லிக்கொண்டேன். அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதும் அந்தக் கணக்கில் இருந்ததா? இல்லவே இல்லை என்று இந்த வயதில் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அவன் ஐ.டி.ஐ.க்கும் போகவில்லை. அப்பாவோடு வேலைக்குப் போனான். இன்று நல்ல மேஸ்திரி. போன வாரம் என் வீட்டு மாடியில் ஒழுகல் என்று கூப்பிட்டிருந்தேன். திண்ணையில் நாற்காலியைக் காட்டி, "உக்காருப்பா" என்றேன். "பரவால்ல சார்" என்று தரையில் குந்தினான். செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டு, தண்ணீர் எங்கே தேங்குகிறது, வாட்டம் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று விளக்கினான். கோடு அவ்வளவு சுத்தம்.

"நீ அன்னிக்கு நோட்டுல வரைவியே" என்று ஆரம்பித்தேன்.

சிரித்தான். "நீங்க சொன்னது சரிதான் சார். கைத்தொழில்தான் காப்பாத்துச்சு."

ஒரு சொல் குறையாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நன்றி சொன்னான். அதுதான் தாங்கவில்லை. நான் நாற்காலியை விட்டு இறங்கி, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா" என்றேன். அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மெல்லச் சொன்னான். "என் பொண்ணு பதினொண்ணு படிக்குது சார். அதுவும் வரையும்."

இந்த முறை நான் வருமானம் கேட்கவில்லை. கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன். எடுத்திருக்கிறாள். என் பேத்தியை உடனே போனில் பிடித்தேன். பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு வேண்டும், 'நாட்டா' என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று அவள் அந்தப் பெண்ணிடமே விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வரையச் சொல்லித் தருகிறேன் என்றும் ஒப்புக்கொண்டாள்.

இப்போது உங்களிடம் கேட்கும் உதவி. என்னிடம் படித்தவர்களில் கட்டடத் துறையில் இருப்பவர்கள், கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள், உதவித்தொகை பற்றி விவரம் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பணம் கேட்கவில்லை. வழி தெரிந்தவர்கள் வேண்டும். வில்லியம்ஸுக்கு முதல் பெரிய வேலையைக் கொடுத்தது அவரோடு பள்ளியில் படித்தவர்தான் என்பதை மறக்காதீர்கள். அந்தப் பெண்ணின் அப்பாவோடு படித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஓர் ஆசையைச் சொன்னால், ஊர் நிலவரத்தை எடுத்துச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். "என்ன படிக்கணும்?" என்றுதான் அவன் கேட்டான். நான் கடைசி வரை அதைச் சொல்லவே இல்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்